நக்சோஸ் தீவின் வயல்வெளித் தேவாலயங்கள்: பார்க்கக் கற்றுக்கொள்வோருக்கு ஓர் அறிமுகம்

கிரேக்கத் தீவு என்றதும் நம் நினைவுக்கு வருவது வெள்ளைச் சுவரும் நீலக் குவிமாடமும்தான். நாட்காட்டிகளில் வரும் அந்தப் படம் பெரும்பாலும் சாண்டோரினியில் எடுத்தது. அதே ஏஜியன் கடலில், அதே சைக்லடீஸ் தீவுக்கூட்டத்தில் இருக்கும் நக்சோஸுக்குப் போய், ஆயிரம் ஆண்டுப் பழமையான தேவாலயங்களைத் தேடினால் முதலில் ஏமாற்றமாகக்கூட இருக்கும். ஒலிவத் தோப்புக்குள் பூச்சில்லாமல், சுற்றியுள்ள பாறையின் நிறத்திலேயே ஏதோ ஒன்று நிற்கும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது ஆட்டுப்பட்டி என்றே தோன்றும். அருகே போனால்தான் கூரை வளைந்திருப்பதும், கிழக்குச் சுவர் அரைவட்டமாக வெளியே பிதுங்கியிருப்பதும் தெரியவரும்.

இப்படிப்பட்ட கட்டடம் ஒன்றின் முன்னால் நிற்கும்போது எதைப் பார்ப்பது, எந்த வரிசையில் பார்ப்பது என்று சொல்வதே இந்தக் கட்டுரையின் வேலை. கட்டடக்கலை அறிவோ கிறிஸ்தவ சமய அறிவோ முன்கூட்டியே இருக்கவேண்டியதில்லை. ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வழிகாட்டி நூல்கள் பலவும் நேராகச் சுவரோவியத்துக்குப் போய்விடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் கட்டடம் ஏன் அந்த இடத்தில், அந்த அளவில், அந்தக் கல்லில், அந்தப் புனிதரின் பெயரில் நிற்கிறது என்பதற்கான விடைகளில் பெரும்பகுதி கதவுக்கு வெளியேதான் கிடக்கிறது. ஆகவே வெளியிலிருந்து தொடங்குவோம்.

நிலம்

சைக்லடீஸ் தீவுகளில் நக்சோஸே பெரியது. பரப்பு ஏறத்தாழ 430 சதுர கிலோமீட்டர். நடுவே நிற்கும் ஸாஸ் மலையின் உயரம் சுமார் 1,000 மீட்டர். அந்தத் தீவுக்கூட்டத்தில் அதைவிட உயர்ந்த சிகரம் இல்லை. கோடையில் மழையே பெய்யாத இந்தப் பகுதியில், மேகத்தைத் தடுக்க ஒரு மலை இருப்பது பெரிய சொத்து. அதனால்தான் அக்கம்பக்கத்துத் தீவுகள் வறண்டு கிடக்கும்போது நக்சோஸில் ஊற்றுகளும் ஒலிவத் தோப்புகளும் மேய்ச்சல் நிலமும் இருக்கின்றன. மேற்குச் சமவெளியில் விளையும் உருளைக்கிழங்கும், தீவில் செய்யப்படும் கிராவியேரா பாலாடைக்கட்டியும் கிரேக்கம் முழுவதும் பேர் போனவை. சுற்றுலா இல்லாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளும் தீவு என்று இதைச் சொல்லலாம்.

துறைமுக நகரமான ஹோராவிலிருந்து பஸ் பிடித்து உள்ளே போனால் திராகேயா என்ற உயர்ந்த பள்ளத்தாக்கு வருகிறது. ஹால்கி, ஃபிலோட்டி, மோனி, கலோக்சிலோஸ் போன்ற ஊர்கள் ஒலிவ மரங்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கின்றன. கடல் சூழ்ந்த தீவில் மக்கள் ஏன் கடலைவிட்டு உள்ளே போய்க் குடியேறினார்கள்? விளைநிலம் உள்ளே இருந்தது ஒரு காரணம். கடற்கொள்ளையர் பயம் இன்னொன்று. ஏழாம் நூற்றாண்டிலிருந்து அரபுக் கப்பல்களும், பின்னர் பல கொடிகளின் கீழ் வந்த கொள்ளையரும் ஏஜியன் கடற்கரைகளைச் சூறையாடினார்கள். கப்பலிலிருந்து பார்த்தால் ஊர் தெரியக்கூடாது. இன்று நாம் ரசிக்கும் அந்த ‘ஒளிந்திருக்கும்’ அழகுக்குப் பின்னால் இருப்பது பயம்தான்.

மலைச்சரிவுகளைக் கவனியுங்கள். அடிவாரத்திலிருந்து மேலே வரை படிபடியாக வெட்டி, ஒவ்வொரு படிக்கும் கல்லால் தடுப்புச் சுவர் வைத்திருப்பார்கள். சுண்ணாம்போ சிமெண்டோ கிடையாது. கல்லின்மேல் கல்லை அதன் வாகு பார்த்து அடுக்கியவை. மழை பெய்யும்போது மண் அரித்துப் போகாமல் இவை தாங்கும். தண்ணீர் கல்லிடுக்கு வழியாகக் கசிந்து இறங்கிவிடுவதால் சுவர் சாயாது. காரையில்லாமல் கல் அடுக்கும் இந்தக் கலையை 2018-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. கிரேக்கம் உட்பட எட்டு நாடுகள் சேர்ந்து அதற்கு விண்ணப்பித்திருந்தன. தேவாலயத்தைப் பற்றிய கட்டுரையில் வயல் சுவருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வயலில் கல் அடுக்கிய அதே கைகள்தான் பல சிற்றாலயங்களையும் கட்டின. பழைய சிற்றாலயம் ஒன்றின் சுவரையும் பக்கத்து வயலின் தடுப்பையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் கைப்பழக்கம் ஒன்றே என்பது தெரியும்.

நிலம் இட்ட இன்னொரு நிபந்தனை மரம். இந்தத் தீவுகளில் நீண்ட, நேரான மரக்கட்டை அரிது. வீடுகளுக்குக் குட்டையான உத்தரங்களைப் போட்டு, மேலே நாணல் பரப்பி, களிமண்ணால் மூடிவிடலாம். அறையின் அகலம் உத்தரத்தின் நீளத்துக்குள் அடங்கவேண்டும், அவ்வளவே. தேவாலயத்துக்கு அது போதாது. இங்கே கல்லுக்குப் பஞ்சமில்லை. எனவே கூரையையும் கல்லாலேயே வளைத்துக் கட்டினார்கள். வளைந்த கல்கூரை தன் எடையைக் கீழே மட்டும் இறக்குவதில்லை. சுவரை வெளியே தள்ளவும் பார்க்கும். அதைத் தாங்கச் சுவர் தடிமனாக இருக்கவேண்டும், சன்னல் சிறியதாக இருக்கவேண்டும். சன்னல் சிறுத்தால் உள்ளே இருட்டு. இருட்டில் எண்ணெய் விளக்கும் மெழுகுவத்தியும் வேண்டும். அந்தத் தேவாலயங்களின் ‘மர்மமான’ அரையிருள் வழிபாட்டுக்குப் பொருந்தி வந்தது உண்மைதான். ஆனால் அதன் வேர் மரத் தட்டுப்பாட்டிலும் கூரையின் எடையிலும் இருக்கிறது.

இத்தனை எதற்கு?

நக்சோஸில் நூற்றுக்கணக்கான தேவாலயங்களும் சிற்றாலயங்களும் உள்ளன. கான்ஸ்டாண்டினோபிளை (இன்றைய இஸ்தான்புல்) தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியப் பேரரசின் காலத்தவை மட்டுமே நூறுக்கு மேல். சில இடங்களில் ஒரு சிற்றாலயத்தின் வாசலில் நின்றால் இன்னும் மூன்று கண்ணில் படும். மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் இது பொருத்தமே இல்லாத கணக்கு.

முதலில் இரண்டு வகையைப் பிரித்துக்கொள்ளவேண்டும். ஊருக்குள் இருப்பது பங்கு ஆலயம். அங்கே பாதிரியார் உண்டு. ஞாயிறுதோறும் வழிபாடு நடக்கும். வயலிலும் மலைச்சரிவிலும் தனியே நிற்பவற்றைக் கிரேக்கர்கள் ‘எக்ஸொக்லீசி’ என்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவற்றை ஒரு குடும்பம் தன் நிலத்தில் கட்டியிருக்கும். அல்லது கட்டிய குடும்பத்தின் வாரிசுகள் பராமரித்து வருவார்கள். புயலில் தப்பித்ததற்கு, நோய் தீர்ந்ததற்கு, பிறந்த குழந்தை பிழைத்ததற்கு என நேர்ந்துகொண்டு கட்டியவை ஏராளம். சாவி அந்த வீட்டில் இருக்கும். விளக்குக்கு எண்ணெய் அவர்களுடையது, அதுவும் பெரும்பாலும் அவர்கள் தோப்பில் விளைந்த ஒலிவ எண்ணெய்.

இந்தச் சிற்றாலயங்களில் பலவற்றில் ஆண்டுக்கு ஒருமுறைதான் முழுத் திருப்பலி நடக்கும். எந்தப் புனிதரின் பெயரில் கட்டினார்களோ அவரது திருநாளன்று. திருநாளை ‘பனியீரி’ என்பார்கள். சமயக் கணக்கில் சூரியன் மறையும்போதே அடுத்த நாள் தொடங்கிவிடும் என்பதால் விழாவும் முந்தைய மாலையிலேயே தொடங்கிவிடுகிறது. மாலை வழிபாட்டின்போது ஐந்து ரொட்டிகள், கோதுமை, திராட்சை மது, எண்ணெய் இவற்றை வைத்து ஆசி பெற்று, ரொட்டியை வந்தவர்களுக்குப் பங்கிடுவார்கள். பிறகு சாப்பாடு. பெரிய ஊர்களில் வயலினும் ‘லவூத்தோ’ என்ற நரம்புக் கருவியும் விடியும்வரை ஒலிக்கும். தீவிலேயே பெரிய விழா ஆகஸ்ட் 15 அன்று ஃபிலோட்டியில் நடக்கும் கன்னி மரியாவின் திருநாள். கூட்டம் பிடிக்காதவர்கள் ஏதாவதொரு சிறு வயல் ஆலயத்தின் திருநாளுக்குப் போவது நல்லது; அழைப்பில்லாமல் போனாலும் ரொட்டி கிடைக்கும்.

புனிதரின் பெயரைக் கேட்டாலே அந்த நிலத்தில் என்ன தொழில் நடந்தது என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம் என்பது எனக்குப் பிடித்த விஷயம். மலையுச்சியில் இருந்தால் அது பெரும்பாலும் எலியா இறைவாக்கினருடையது. அக்கினித் தேரில் வானுக்கு ஏறியவர், மழையைக் கட்டுப்படுத்தியவர் என்பதால் உச்சிகள் அவருக்கு. துறைமுகத்தை ஒட்டியது என்றால் மாலுமிகளின் காவலரான புனித நிக்கோலாஸ். ஊற்றுக்கு அருகில் என்றால் ‘உயிர் தரும் ஊற்று’ என்ற பெயரில் கன்னி மரியா. மேய்ச்சல் பகுதியில் புனித மாமாஸ். அவர் ஆட்டிடையர், ஓவியங்களில் கையில் ஆட்டுக்குட்டியோடுதான் இருப்பார். பொட்டாமியா ஊர்களுக்கு அருகே பள்ளத்தாக்கில் அவர் பெயரில் ஒரு பழைய, பெரிய தேவாலயம் இன்றும் நிற்கிறது. இடையர்கள் நிறைந்த தீவில் ஓர் இடையருக்கு அவ்வளவு பெரிய ஆலயம் கிடைத்ததில் வியப்பில்லை.

கட்டடத்தைச் சுற்றி ஒரு நடை

உள்ளே நுழையும் அவசரத்தை அடக்கிக்கொண்டு முதலில் வெளியே ஒரு சுற்று வாருங்கள்.

அரைவட்டமாகப் பிதுங்கியிருக்கும் பக்கம் கிழக்கு. உள்ளே அந்த இடத்தில்தான் பலிபீடம் இருக்கும். வழிபடுபவர்கள் சூரியன் உதிக்கும் திசையை நோக்கி நிற்பார்கள். வாசல் பொதுவாக மேற்கில். பாறையோ சரிவோ இடம் கொடுக்காவிட்டால் வாசலைத் தெற்கிலோ வடக்கிலோ வைத்துக்கொள்வார்கள். ஆனால் பீடத்தின் திசையை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். திசைகாட்டி இல்லாமல் வழி தவறினால் ஒரு சிற்றாலயத்தைத் தேடிப் போனால் போதும்.

அடுத்தது கூரை. எளிய வகை, ஒற்றை நீண்ட அறைமேல் அரை உருளையாக வளைந்த கல்கூரை. வயல் ஆலயங்களில் பெரும்பான்மை இதுதான். கொஞ்சம் வசதியும் நல்ல கொத்தரும் கிடைத்த இடத்தில் நடுவே குவிமாடம் எழும்பும். இங்கேதான் ஒரு சிக்கல். குவிமாடத்தின் அடி வட்டம்; கீழே இருக்கும் அறையோ சதுரம். வட்டத்தைச் சதுரத்தின்மேல் உட்காரவைத்தால் நான்கு மூலைகளும் வெறுமையாகத் தொங்கும். ஒவ்வொரு மூலையிலும் முக்கோண வடிவில் வளைந்த ஒரு கல்பரப்பை எழுப்பி, சதுரத்தை மெல்ல வட்டமாக மாற்றுவதுதான் பைசாந்தியக் கொத்தர்களின் தீர்வு. கான்ஸ்டாண்டினோபிளில் 537-இல் முடிந்த ஹாகியா சோபியாவில் இதைப் பிரம்மாண்டமாகச் செய்தார்கள். நக்சோஸின் தோப்புகளில் அதே கணக்கை, நான்கு பேர் கை கோத்தால் சுற்றிவிடக்கூடிய அளவில் செய்திருக்கிறார்கள்.

பத்தாம், பதினோராம் நூற்றாண்டுகளில் பரவலான வடிவம் இன்னும் கொஞ்சம் நுட்பமானது. நடுவில் நான்கு தூண்கள், அவற்றின்மேல் குவிமாடம். தூண்களிலிருந்து நான்கு திசைக்கும் நான்கு வளைவுக்கூரைகள் நீண்டு சிலுவை வடிவை உண்டாக்கும். மூலைகளில் மிஞ்சும் இடங்களையும் கூரையிட்டு மூடினால் வெளிச்சுவர் மொத்தத்தில் ஒரு சதுரமாகிவிடும். சதுரத்துக்குள் சிலுவை என்று இதைச் சொல்வார்கள். சமயக் குறியீடாக அழகாக இருப்பதோடு, குவிமாடத்தின் தள்ளுவிசையை நான்கு கரங்களும் பகிர்ந்துகொள்கின்றன. ஹால்கியிலிருந்து தோப்பு வழியாகச் சிறிது தூரம் நடந்தால் வரும் புனித ஜார்ஜ் தியாசோரிட்டிஸ் ஆலயம் இந்த வகைக்கு நல்ல மாதிரி. பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

இப்போது உள்ளே போகலாம். கண் இருட்டுக்குப் பழகும்வரை அசையாமல் நிற்பது நல்லது. எதிரே பலிபீடத்தை மறைத்துக்கொண்டு ஒரு தடுப்பு இருக்கும். மரத்தாலோ பளிங்காலோ ஆனது, திருவுருவப் படங்கள் பொருத்தியது. அதற்கு அப்பால் குருமார்களின் இடம். பார்வையாளர்கள் போகக்கூடாது. எட்டிப் பார்க்கலாமா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும், வேண்டாம்.

சுவரோவியங்கள் முழுமையாக இருக்குமானால் மேலிருந்து கீழாகப் பாருங்கள். குவிமாடத்தின் உச்சியில் அனைத்தையும் ஆளும் கிறிஸ்து. அவருக்குக் கீழே இறைவாக்கினர்கள். மூலைகளில் உள்ள நான்கு முக்கோணங்களில் நற்செய்தி எழுதிய நால்வர். கிழக்கு அரைவட்டத்தின் மேற்பகுதியில் கன்னி மரியா. வளைவுக்கூரைகளில் கிறிஸ்துவின் வாழ்க்கைக் காட்சிகள். கடைசியாக, நாம் நிற்கும் உயரத்தில், நம்மை நேருக்கு நேர் பார்த்தபடி புனிதர்கள். வானத்திலிருந்து தரைவரை ஒரு படிநிலை இது. ஆனால் இந்த ஒழுங்கு ஒன்பதாம் நூற்றாண்டுக்குப் பிறகுதான் நிலைபெற்றது. நக்சோஸின் சிறப்பு, அதற்கு முந்தைய காலத்தைக் காட்டும் ஆலயங்கள் இங்கே பிழைத்திருப்பதுதான். கான்ஸ்டாண்டினோபிளிலேயே அந்தக் காலத்து ஓவியம் அரிது.

த்ரோசியானி

மோனி ஊருக்குச் சற்று முன்னால், சாலையோரத்திலேயே இருக்கிறது பனாயியா த்ரோசியானி. ‘பனாயியா’ என்பது கன்னி மரியாவைக் கிரேக்கர்கள் அழைக்கும் பெயர். ஒரே ஒரு தேவாலயம் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்பவர்களுக்கு நான் இதையே சொல்வேன்.

வெளியே இருந்து பார்த்தால் இது ஒரு கட்டடமாகவே தெரியாது. கற்கள் தாமாகக் கூடிக் குமிழ்களாக எழுந்ததுபோல இருக்கும். கிழக்கில் மட்டுமல்லாமல் வடக்கிலும் தெற்கிலும் அரைவட்டப் பிதுக்கங்கள் உண்டு. மூன்று இதழ் வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் குவிமாடத்தை மூன்று பக்கங்களிலும் இந்த அரைவட்டங்கள் தோள் கொடுத்துத் தாங்குகின்றன. வடக்குப் பக்கத்தில் தனித்தனிக் குவிமாடங்களோடு மூன்று சிறு ஆலயங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கிரேக்கர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் கிழக்குக் கிறிஸ்தவப் பிரிவான ஆர்த்தடாக்ஸ் மரபில் ஒரு பீடத்தில் ஒரு நாளைக்கு ஒரு திருப்பலிதான் நடத்தலாம் என்ற விதி உண்டு. பழைய ஆலயங்களோடு இப்படிச் சிறு ஆலயங்கள் ஒட்டி வளர்வதற்கு அந்த விதியும் ஒரு காரணம்.

உள்ளே மிகப் பழைய ஓவியங்கள் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. நெடுங்காலம் அவை யார் கண்ணிலும் படவில்லை. பிற்காலத்தவர்கள் அவற்றின்மேலேயே பூசிப் புது ஓவியம் வரைந்திருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மேலடுக்குகளைக் கவனமாகப் பெயர்த்தெடுத்தபோதுதான் அடியில் இருந்தவை வெளிப்பட்டன. குவிமாடத்தை அண்ணாந்து பாருங்கள். நான் மேலே சொன்ன ஒழுங்கின்படி அங்கே ஒரு கிறிஸ்து இருக்கவேண்டும். இங்கே இருவர் இருக்கிறார்கள்! அடுத்தடுத்து இரண்டு கிறிஸ்து முகங்கள், வயதிலும் தோற்றத்திலும் வேறுபட்டவை. இறைத்தன்மையும் மனிதத்தன்மையும் ஒருவரிலேயே இருப்பதை எப்படிப் புரிந்துகொள்வது என்று பைசாந்திய உலகம் கடுமையாகச் சண்டையிட்டுக்கொண்டிருந்த காலம் அது. இந்த இரட்டை உருவத்தை அந்த விவாதத்தோடு சேர்த்து வாசிக்கும் அறிஞர்கள் உண்டு. ஒழுங்கு இறுகுவதற்கு முன், ஓவியர்கள் இன்னும் வழி தேடிக்கொண்டிருந்த நேரத்தை இந்தக் குவிமாடம் பிடித்துவைத்திருக்கிறது என்பது மட்டும் வெறும் கண்ணுக்கே தெரிகிறது.

உருவம் இல்லாத சுவர்கள்

எட்டாம் நூற்றாண்டில் அந்தச் சண்டை வேறு வடிவம் எடுத்தது. கிறிஸ்துவையும் புனிதர்களையும் படமாக வரைவது விக்கிரக வழிபாடு என்று பேரரசர்களே எதிர்க்கத் தொடங்கினார்கள். 726-ஐ ஒட்டித் தொடங்கி 787 வரை ஒருமுறை, பின்னர் 815 முதல் 843 வரை மறுமுறை. உருவப்படங்கள் அழிக்கப்பட்டன, புதிய ஆலயங்களில் சிலுவை, இலை, கொடி, பறவை, வடிவியல் கோலங்கள் ஆகியவையே இடம்பெற்றன. 843-இல் உருவ ஆதரவாளர்கள் வென்றபின் அவற்றை எல்லாம் மூடி மீண்டும் முகங்களை வரைந்தார்கள். அதனால் உருவமற்ற அலங்காரங்கள் பேரரசு முழுவதிலுமே அரிதாகிவிட்டன.

நக்சோஸில் அப்படிப்பட்டவை பல பிழைத்திருக்கின்றன. அவற்றில் பேர்பெற்றது அபேராந்தோஸ் ஊரிலிருந்து கரட்டுப்பாதையில் நடந்து போகவேண்டிய புனித கிரியாக்கி ஆலயம். அதன் அரைவட்டச் சுவரில் பறவைகள் வரிசையாக நிற்கின்றன. கழுத்தில் நாடா கட்டியிருக்கிறது. கழுத்தில் நாடா கட்டிய பறவை பாரசீக சசானியக் கலையில் அடிக்கடி வரும் உருவம். பட்டுத்துணிகளின் வழியே அது மேற்கே பரவியது. ஏஜியன் கடலில் ஒரு மலைமடிப்பில் இருக்கும் சிறு ஆலயத்துக்குள் பாரசீகப் பறவை வந்து உட்கார்ந்த பாதையை யோசித்துப் பார்த்தால், இந்த ஊர்களை ‘ஒதுக்குப்புறம்’ என்று சொல்ல மனம் வராது. இந்த ஆலயத்தின் பாதுகாப்புப் பணிக்கு 2018-இல் ஐரோப்பியப் பாரம்பரிய விருது கிடைத்தது.

இரண்டு பீடங்கள்

1204-இல் நான்காம் சிலுவைப்போர் எருசலேமுக்குப் போகாமல் கான்ஸ்டாண்டினோபிளைக் கொள்ளையடித்தது. அந்தக் குழப்பத்தில் 1207-ஐ ஒட்டி மார்க்கோ சானூதோ என்ற வெனீசியர் நக்சோஸைப் பிடித்து, சுற்றியுள்ள தீவுகளுக்கெல்லாம் தன்னைக் கோமகனாக்கிக்கொண்டார். ஹோராவின் குன்றின்மேல் கோட்டையும் கத்தோலிக்கப் பேராலயமும் எழுந்தன. தீவின் உட்பகுதி நிலங்கள் லத்தீன் பிரபுக்களுக்கு, அதாவது மேற்கிலிருந்து வந்த கத்தோலிக்கப் பிரபுக்களுக்கு, பங்கிடப்பட்டன. இன்று தீவெங்கும் காணும் கல்கோபுர வீடுகள் அந்த நிலவுடைமை மரபின் தொடர்ச்சி. சுற்றுவட்டார விளைச்சலுக்குக் காவலும், உழுதவர்கள்மேல் ஒரு கண்ணும் அந்தக் கோபுரத்திலிருந்து சாத்தியம்.

உழைத்தவர்கள் ஆர்த்தடாக்ஸ், உடைமையாளர்கள் கத்தோலிக்கர். இந்த நிலைமையின் நேரடிச் சான்று இரட்டை ஆலயங்கள். கலனாடோ ஊருக்கு அருகே பெலோனியா கோபுரத்தை ஒட்டி நிற்கும் புனித யோவான் ஆலயத்தைப் பாருங்கள். வெளியே ஒரே கட்டடம். உள்ளே இரண்டு கூடங்கள், இரண்டு பீடங்கள். ஒன்று கத்தோலிக்க வழிபாட்டுக்கு, மற்றது ஆர்த்தடாக்ஸ் வழிபாட்டுக்கு. இதைச் சமய நல்லிணக்கத்தின் அடையாளமாக எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு இனிப்பாகத் தோன்றவில்லை. நிலம் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது, புனிதர் இருவருக்கும் பொது என்ற ஏற்பாடு அது. இருந்தாலும் ஒரே கூரையின்கீழ் தலைமுறைகள் கடந்தன. 1566-இல் ஒட்டோமன் பேரரசு கோமகன் ஆட்சியை முடித்தபின்னும் கத்தோலிக்கர்கள் தீவில் தங்கிவிட்டார்கள். இன்றும் ஒரு சிறிய கத்தோலிக்கச் சமூகம் அங்கே உண்டு.

அதற்கும் முன்னே

தேவாலயச் சுவர்களில் வழவழப்பான பெரிய பளிங்குத் துண்டு ஒன்று பொருத்தமில்லாமல் பதிந்திருப்பதைப் பல இடங்களில் காணலாம். அது பெரும்பாலும் ஏதோவொரு பழைய கோயிலின் துண்டு. நக்சோஸ் பளிங்கு பழங்காலத்திலேயே புகழ்பெற்றது. டெலோஸ் தீவின் சிங்கங்கள் இங்கிருந்து போன கல்லில் செதுக்கியவை. வடக்கே அப்பொலோனாஸில் 10 மீட்டருக்கும் நீளமான சிலை ஒன்று, முடிக்கப்படாமலே, வெட்டிய இடத்தில் மல்லாந்து கிடக்கிறது.

ஒரு வழிபாட்டிடம் எப்படிக் கைமாறியது என்பதைத் தெளிவாகப் பார்க்கவேண்டுமானால் சங்ரி ஊருக்குத் தெற்கே உள்ள தெமெத்தர் கோயிலுக்குப் போகவேண்டும். தெமெத்தர் விளைச்சலின் தெய்வம். கோயிலைச் சுற்றி இன்றும் விளைநிலம்தான். கி.மு. 530-ஐ ஒட்டிக் கட்டப்பட்டது. கூரை உட்பட முழுதும் பளிங்கு. கூரை ஓடுகள் மெல்லியவை என்பதால் அவற்றின் ஊடாகவே ஒளி உள்ளே கசியும். கட்டடம் தெற்கு நோக்கியது. கிறிஸ்தவம் பரவியபின் அதை இடித்துத் தள்ளவில்லை. முன்பக்கத்தை அடைத்தார்கள், கிழக்கே அரைவட்டத்தைக் கட்டினார்கள், மேற்கே வாசல் திறந்தார்கள். கட்டடத்தின் முகம் கால்வட்டம் திரும்பியது. தெமெத்தர் கோயில் தேவாலயமாகிவிட்டது. மேலே ‘கிழக்கைப் பாருங்கள்’ என்று சொன்ன விதி எவ்வளவு வலுவானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. 1990-களில் கிரேக்க, ஜெர்மானிய ஆய்வாளர்கள் சிதறிக் கிடந்த துண்டுகளைப் பொருத்திக் கோயிலின் ஒரு பகுதியை மீண்டும் நிறுத்தினார்கள்.

ஹோரா துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும்போதே தெரியும் பிரம்மாண்டமான பளிங்கு வாசல், போர்த்தாரா, அதே காலத்து அப்பொல்லோ கோயிலின் மிச்சம். கோயில் கடைசிவரை முடியவில்லை. ஆறாம் நூற்றாண்டையொட்டி அதனுள்ளும் ஒரு தேவாலயம் இருந்தது. பின்னர் கோட்டை கட்ட வந்தவர்கள் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். வாசலின் நிலைக்கற்கள் மட்டும் தூக்க முடியாத எடை என்பதால் தப்பின.

வெள்ளை எங்கிருந்து வந்தது?

முதலில் சொன்ன வெள்ளைக்கும் ஒரு வார்த்தை. இன்று பயன்பாட்டில் இருக்கும் சிற்றாலயங்கள் பலவற்றுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள், பெரும்பாலும் ஈஸ்டருக்கு முன்னால். பளிங்கைச் சுட்டால் நல்ல சுண்ணாம்பு கிடைக்கும். அது வெயிலைத் திருப்பி அனுப்பும், கல்லிடுக்கை அடைக்கும், பூச்சி அண்டாது. பழைய பளிங்குச் சிற்பங்கள் பல இப்படிச் சூளைக்குப் போய்ச் சுவராகிவிட்டன என்பது இந்த வெண்மையின் இன்னொரு பக்கம்.

போகிறவர்களுக்கு

ஏப்ரலும் மே மாதமும் சிறந்தவை. மண் பசுமையாக இருக்கும், படிவயல்களின் ஓரத்தில் கசகசாப் பூக்கள் சிவந்திருக்கும். ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து வீசும் மெல்தெமி காற்று வெயிலின் உறைப்பைக் குறைத்துக் காட்டும். தலையில் துணி இல்லாமல் ஏமாந்துவிடவேண்டாம். தொடங்குவதற்கு ஹால்கியே வசதி. ஊருக்குள் இருக்கும் புரோட்டோத்ரோனி ஆலயத்தில் 1052-இல் நடந்த புதுப்பிப்பைச் சொல்லும் கல்வெட்டும், ஒன்றன்மேல் ஒன்றாக வரையப்பட்ட ஓவிய அடுக்குகளும் உள்ளன. அங்கிருந்து தோப்புப் பாதையில் புனித ஜார்ஜ், பிறகு மேலே மோனி, வழியில் த்ரோசியானி என்று அரைநாளில் நடந்துவிடலாம். திரும்பும்போது ஹால்கியில் எலுமிச்சை இனத்துச் சிட்ரான் மரத்தின் இலையில் வடிக்கும் ‘கித்ரோன்’ மதுவைச் சுவைக்கலாம், தீவுக்கே உரியது.

தோளும் முழங்காலும் மூடிய உடை போதும். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள். வாசலருகே மணல் தட்டில் மெழுகுவத்தி ஏற்ற விரும்பினால் பக்கத்தில் உள்ள பெட்டியில் நாணயம் போடுங்கள். எண்ணெய்க்கும் சுண்ணாம்புக்கும் அதுதான் வருமானம். பூட்டியிருந்தால் அருகிலுள்ள வீட்டில் சாவியைப் பற்றிக் கேட்பதில் தவறில்லை. மதியம் இரண்டிலிருந்து ஐந்துவரை மட்டும் யார் வீட்டுக் கதவையும் தட்டவேண்டாம், அது ஊரே உறங்கும் நேரம். கொக்கி மட்டும் போட்டிருந்தால் திறந்து நுழையலாம். வெளியே வரும்போது அதே கொக்கியை மறக்காமல் மாட்டிவிட்டு வாருங்கள். ஆடுகள் உள்ளே போய்விட்டால் ஏழாம் நூற்றாண்டு ஓவியத்தின் சுவரிலும் உரசும்.